மூன்று நாள் வேலை, மூன்று நாள் உதவி

வேலை உள்ளவர், வேலை அற்றவர் என்று மக்களை இரண்டாகப் பிரித்துவிடுவது எளிது. கணக்கெடுப்போர்க்கும் சட்டம் வரைவோர்க்கும் இந்தப் பிரிவினை மிக வசதியானது. ஆயினும் உலகில் எக்காலத்திலும் இவ்விரு பிரிவுகளுக்கும் நடுவே ஒரு பெருங்கூட்டம் நின்றுகொண்டிருக்கிறது. திங்களும் செவ்வாயும் ஆலைக்குள் இருந்தவன் புதன்கிழமை ஆலை வாயிலில் நிற்கிறான். கப்பல் வந்த நாளில் மூட்டை சுமந்தவன் கப்பல் வராத நாளில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இவன் வேலை உள்ளவனா, அற்றவனா? வேலையற்ற நாட்களுக்கு அரசாங்கம் உதவித் தொகை அளிப்பதாக இருந்தால், வாரத்தில் பாதி வேலை செய்கின்ற இவனுக்கு அதில் பங்கு உண்டா, இல்லையா?

இந்த வினாவை உலகில் முதன்முதலாக ஒரு நாடு முழுவதற்குமான சட்டத்தின் வாயிலாகச் சந்திக்க நேர்ந்தது பிரிட்டன். 1911ஆம் ஆண்டில் அந்நாடு இயற்றிய தேசிய இன்ஷூரன்ஸ் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வேலையின்மைக்கு எதிரான கட்டாய இன்ஷூரன்ஸை ஏற்படுத்திற்று. அங்கு நிகழ்ந்த தடுமாற்றங்களை நாம் அறிந்துகொள்வது வீண் போகாது. அந்த வரலாற்றில் நம் நாட்டின் நிழலும் இரண்டொரு இடங்களில் விழுகிறது.

சட்டம் வருவதற்கு முன்பே தொழிற்சங்கங்கள் இத்துறையில் பழக்கம் பெற்றிருந்தன. பொறித் தொழிலாளர், கப்பல் கட்டுவோர் முதலியோருடைய பழைய சங்கங்கள் வேலையற்ற உறுப்பினர்களுக்குத் தம் சொந்த நிதியிலிருந்து வாரந்தோறும் உதவி அளித்து வந்தன. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் நேரில் அறிந்தவர்கள். எவன் உண்மையில் வேலையின்றி இருக்கிறான், எவன் பக்கத்துப் பட்டறையில் இரகசியமாகக் கூலி வாங்குகிறான் என்பது சங்கக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அரசாங்கம் இந்தப் பொறுப்பை ஏற்றபோது தொகையைப் பெருக்க முடிந்தது. அந்த நேர்முகப் பழக்கத்தைக் கொண்டுவர முடியவில்லை. அதற்குப் பதிலாக விதிகளைக் கொண்டுவந்தது.

இந்த விதிகளின் பின்னணியில் நின்ற பேரறிஞர்களுள் ஒருவர் வில்லியம் பெவரிட்ஜ். இவர் 1879இல் வங்காளத்து ரங்கபூரில் பிறந்தவர். தந்தையார் இந்திய சிவில் சர்வீஸில் நீதிபதியாக இருந்தவர். தாயார் அனெட் பெவரிட்ஜ், பாபர் நாமாவைத் துருக்கி மூலத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்த அம்மையார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்செய்தியை விட்டுச் செல்ல மனம் வரவில்லை. மகன் 1909இல் வெளியிட்ட வேலையின்மை பற்றிய நூல், அது தனிமனிதனின் சோம்பலால் வருவதன்று, தொழிலின் அமைப்பிலேயே பிறக்கும் நோய் என்று வாதித்தது. அந்த நோயின் கொடிய வடிவமாக அவர் கண்டது முழு வேலையின்மையை அன்று. துறைமுகங்களில் நிலவிய அரைவேலையைத்தான். நூறு பேர்க்குரிய வேலைக்கு இருநூறு பேர் வாயிலில் காத்து நிற்பர். ஒவ்வொருவனுக்கும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கிடைக்கும். ஒருவனும் முழு வயிறு உண்ண மாட்டான், ஒருவனும் இடத்தை விட்டுப் போகவும் மாட்டான். இதற்கு மருந்தாக வேலைவாய்ப்பு நிலையங்கள் அமைய வேண்டும் என்றார். 1909இல் அதற்குச் சட்டம் பிறந்தது. 1910 பிப்ரவரியில் முதல் நிலையங்கள் திறக்கப்பட்டன. அப்போது வர்த்தக போர்டின் தலைவராக இருந்து இவற்றைக் கொண்டுவந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில் என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கலாம்.

1911ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாத் தொழில்களையும் தொடவில்லை. கட்டட வேலை, கப்பல் கட்டுதல், பொறித் தொழில், இரும்பு வார்ப்பு, வண்டி கட்டுதல், மரம் அறுத்தல் போன்ற, பருவத்துக்கும் சந்தைக்கும் ஏற்ப ஏறி இறங்கும் தொழில்களையே எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ 22½ இலட்சம் தொழிலாளர் இதில் அடங்கினர். தொழிலாளி வாரத்துக்கு 2½ பென்ஸ், முதலாளி 2½ பென்ஸ்; இரண்டும் சேர்ந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கை அரசாங்கம் இட்டது. வேலை போனால் வாரத்துக்கு 7 ஷில்லிங் வீதம் ஆண்டில் 15 வாரம் வரை பெறலாம். 5 வாரச் சந்தாவுக்கு ஒரு வார உதவி என்பது கணக்கு. 1912 ஜூலையில் சந்தா வசூல் தொடங்கியது. 1913 ஜனவரியில் முதல் உதவித் தொகைகள் வழங்கப்பட்டன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சந்தாவின் அளவு வாரம்; ஒரு தொழிலாளி வாரத்தில் ஒரே நாள் வேலை செய்தாலும் அவ்வாரத்துக்குரிய முத்திரை அவனுடைய புத்தகத்தில் ஒட்டப்பட வேண்டும். ஆனால் உதவியின் அளவு, சாராம்சத்தில், நாள். எந்த நாளில் அவன் வேலையற்றிருந்தான் என்பதைப் பார்த்தே தொகை கொடுக்கப்பட்டது. வாரக் கணக்கில் வாங்கி நாள் கணக்கில் கொடுக்கும் இந்த ஏற்பாட்டின் இடைவெளியில்தான் பின்னர் எழுந்த சிக்கல்கள் யாவும் வேர் ஊன்றின.

முதல் உலகப் போர் முடிந்தபின், 1920இல், விவசாயம், வீட்டு வேலை முதலிய சிலவற்றைத் தவிர ஏறத்தாழ எல்லாக் கூலித் தொழிலாளர்க்கும் இன்ஷூரன்ஸ் விரிவாக்கப்பட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அதில் சேர்ந்தனர். சட்டம் நடைமுறைக்கு வந்த சில மாதங்களுக்குள் வியாபாரம் சரிந்தது. வெள்ளம் வரும்போதுதான் அணை கட்டி முடிந்தது என்பார்களே, அதுபோல் ஆயிற்று. நிலக்கரி, இரும்பு, கப்பல், பருத்தி ஆகிய பழம்பெருந் தொழில்கள் நான்கும் ஒருசேர நலிந்தன.

நலிந்த தொழில்களில் முதலாளிகள் எல்லோரும் ஆட்களை ஒரேயடியாக வெளியேற்றிவிடவில்லை. பல இடங்களில் இருக்கும் வேலையைப் பகிர்ந்து கொடுத்தனர். சுரங்கம் வாரத்தில் மூன்று நாள் ஓடும். நூற்பாலை ஒரு வாரம் ஓடி மறு வாரம் நிற்கும். தொழிலாளரும் இதை விரும்பினர். பாதிப் பேர் தெருவில் நிற்பதைவிட எல்லோரும் பாதி உண்பது மேல் என்ற தோழமை உணர்வு அதில் இருந்தது. அந்த மீதிப் பாதிக்கு இன்ஷூரன்ஸ் நிதி என்ன செய்யும் என்பதே கேள்வி.

தனித்தனியாக வரும் ஒரு நாள், அரை நாள் வேலையின்மைக்கெல்லாம் உதவி அளிக்க நிதி தாங்காது என்று கருதிய அரசாங்கம், தொடர்ச்சி விதி என்ற ஒன்றை வகுத்தது. அடுத்தடுத்த 6 நாட்களுக்குள், சேர்ந்தாற்போலவோ விட்டுவிட்டோ, 3 நாட்கள் ஒருவன் வேலையற்றிருந்தால் அது தொடர்ந்த வேலையின்மையாகக் கொள்ளப்படும். ஞாயிறு கணக்கில் சேராது. இத்தகைய இரு காலப் பகுதிகளுக்கு இடையே குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மேல் இடைவெளி இல்லையாயின் அவையும் ஒன்றாகவே இணைக்கப்படும். ஆகவே தொடக்கத்தில் உதவியின்றிக் காத்திருக்க வேண்டிய நாட்களை மறுபடியும் காத்திருக்க வேண்டியதில்லை. விதி நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டது என்பதில் ஐயம் இல்லை. குறைநேர வேலை செய்வோனை அது கைவிடவில்லை. ஆனால் அதன் கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்போம்.

1930ஆம் ஆண்டின் அளவுகளை எடுத்துக்கொள்வோம். வயது வந்த ஆணுக்கு வாரம் 17 ஷில்லிங். மனைவிக்கு 9 ஷில்லிங். குழந்தை ஒன்றுக்கு 2 ஷில்லிங். மனைவியும் இரு குழந்தைகளும் உடைய ஒரு சுரங்கத் தொழிலாளிக்கு முழு வார உதவி 30 ஷில்லிங், அதாவது நாளுக்கு 5 ஷில்லிங். அக்காலத்தில் சுரங்கத்தில் ஒரு ஷிப்டுக்குக் கிடைத்த சராசரிக் கூலி ஏறத்தாழ 9 ஷில்லிங். அவன் மூன்று நாள் சுரங்கத்தில் இறங்கினால் 27 ஷில்லிங் கூலி. மற்ற மூன்று நாட்களுக்கு 15 ஷில்லிங் உதவி. ஆக 42 ஷில்லிங். அவன் நான்காம் நாளும் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். கூலி 36 ஷில்லிங். அந்த ஆறு நாட்களில் மிஞ்சுவது இரண்டே நாள். மூன்று நாள் என்ற எல்லையை அது தொடவில்லை. எனவே உதவி ஒன்றும் இல்லை. ஒரு நாள் அதிகமாக உழைத்து, பூமிக்கடியில் கரியைச் சுவாசித்து, 6 ஷில்லிங் குறைவாக வீட்டுக்குக் கொண்டுபோகிறான்! ஐந்தாம் நாளும் இறங்கினால் 45 ஷில்லிங். மூன்று நாள் செய்தவனைவிட 3 ஷில்லிங் கூடுதல். இரண்டு முழு நாள் உழைப்பின் விலை 3 ஷில்லிங்.

அவனைச் சோம்பேறி என்று அக்காலப் பத்திரிகைகள் சில ஏசின. கூட்டல் கழித்தல் அறிந்த எவனும் வேறு என்ன செய்திருப்பான் என்று நாம் கேட்க விரும்புகிறோம். மேலும், எந்த நாளில் சுரங்கம் ஓடும் என்று தீர்மானிப்பவன் அவன் அல்லன், நிர்வாகம்தான். நிர்வாகங்களும் கணக்கு அறிந்தவை. நான்கு நாளுக்குரிய வேலையை மூன்று நாளில் அடக்கி, ஆட்களின் மனக்குறையை இன்ஷூரன்ஸ் நிதியின் செலவில் ஆற்றிவிடலாம் அல்லவா? சட்டம் 'அடுத்தடுத்த 6 நாட்கள்' என்றதேயன்றித் திங்கள் முதல் சனி வரை என்று சொல்லவில்லை. ஆகவே ஒரு வாரத்தின் வெள்ளியையும் சனியையும் அடுத்த வாரத்தின் திங்களையும் சேர்த்து ஓய்வு விட்டால், ஒவ்வொரு வாரத்திலும் தனித்துப் பார்க்கும்போது மூன்று நாள் வேலையின்மை இல்லாவிடினும், சட்டத்தின் கண்ணில் மூன்று நாள் தொடர்ச்சி பிறந்துவிடும். வேலை நாட்களை இவ்வாறு உதவித் தொகைக்குப் பொருந்துமாறு அடுக்கிய தொழில்களைப் பற்றி 1930இல் நியமிக்கப்பட்ட ராயல் கமிஷன் விரிவாக ஆராய்ந்தது. நலிந்த தொழில்களின் கூலிச் செலவில் ஒரு பகுதியை, முழு நேரம் நடக்கும் தொழில்களின் சந்தா தாங்கிற்று என்பதே இதன் பொருள்.

லங்காஷயரின் நிலை இன்னும் சிக்கலானது. 1913இல் பிரிட்டன் ஏறத்தாழ 700 கோடி கஜம் பருத்தித் துணியை ஏற்றுமதி செய்தது. அதில் ஏறத்தாழ 300 கோடி கஜம் இந்தியாவுக்கு வந்தது. போருக்குப்பின் இந்திய ஆலைகள் வளர்ந்தன. ஜப்பான் போட்டிக்கு வந்தது. காப்பு வரி உயர்ந்தது. சுதேசி இயக்கம் ஓங்கிற்று. லங்காஷயரின் நூற்பாலை முதலாளிகளோ, பழைய நாள் திரும்பும் என்று நம்பி, ஆண்டுக்கணக்கில் எல்லா ஆலைகளையும் குறைநேரம் ஓட்டினர். இது நோயைத் தீர்க்கும் வழியன்று, நீட்டிக்கும் வழி என்று பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1926இல் எழுதிய கட்டுரைகளில் கண்டித்தார். அவர் சொன்னது பொருளாதாரத்தில் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த அரை வேலையையும் அரை உதவியையும் கொண்டு அடுப்பெரித்த குடும்பங்களின் எண்ணிக்கை அவருடைய கணக்கின் மறுபக்கத்தில் இருந்தது.

வேலையற்றவன் வெளியே சிறு வேலை செய்து பொருள் ஈட்டினால் என்ன ஆகும் என்பது மற்றொரு பிரச்சினை. இதற்கும் சட்டத்தில் வழி இருந்தது. வழக்கமான தொழிலோடு கூட, அதன் வேலை நேரத்துக்கு வெளியே, ஒருவன் ஏற்கெனவே செய்துவந்த துணைத்தொழிலாக அது இருக்க வேண்டும். அதன் வருமானம் நாளுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸுக்கு மேற்படக் கூடாது. அதாவது, மாலையில் வாத்தியம் வாசித்துவந்த ஆலைத் தொழிலாளி, ஆலை மூடியபின்னும் மாலையில் வாசிக்கலாம். ஆலை மூடியபின் புதிதாக வாசிக்கக் கற்றுக்கொண்டு பகலில் வாசித்தால் அவன் வேலை உள்ளவன் ஆகிவிடுவான். நல்ல காலத்தில் துணைத்தொழில் வைத்திருந்தவனுக்குச் சலுகை; கெட்ட காலத்தில் புதிதாக ஒன்றைத் தேடிக்கொண்டவனுக்குத் தண்டனை. இதனைவிடத் தலைகீழான ஏற்பாட்டை நாம் அறியோம்.

இத்தகைய வழக்குகளில் முதலில் இன்ஷூரன்ஸ் அதிகாரி முடிவு கூறுவார். மறுத்தால் மூவர் அடங்கிய மன்றத்திடம் போகலாம். அதற்கும் மேலான இறுதி அதிகாரிக்கு 'அம்பயர்' என்று பெயர். கிரிக்கெட் பந்தயத்தில் மட்டுமே அப்பெயரைக் கேட்டிருக்கும் நம் நேயர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்த அம்பயர்கள் விரல் உயர்த்தித் தீர்த்த வினாக்கள் வேடிக்கையானவை அல்ல. ஒரு நாள் என்பது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது? நள்ளிரவைக் கடந்து செல்லும் இரவு ஷிப்டு எந்த நாளைச் சேர்ந்தது? தோட்டத்தில் விளைந்ததை விற்றவன் தொழில் நடத்துகிறானா, பொழுது போக்குகிறானா? மனைவியின் கடையில் எடை போட்டுக் கொடுத்தவன் வேலையில் இருந்தானா? ஒரு மனிதனுடைய வாழ்க்கையை நாள் நாளாக வெட்டி வேலை என்ற பக்கமோ வேலையின்மை என்ற பக்கமோ வைத்தாக வேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டபின் இவ்வினாக்களைத் தவிர்க்க இயலாது.

இதனால் ஊர்களில் பரவிய அச்சத்துக்கு ஜார்ஜ் ஆர்வெல் சான்று கூறுகிறார். இவரும் நம் நாட்டு மண்ணில், பீகார் மாநிலத்து மோதிஹாரியில், 1903இல் பிறந்தவர்; இரண்டாம் உலகப் போரின்போது பி.பி.சி.யில் இந்தியாவுக்கான ஒலிபரப்புப் பகுதியில் பணியாற்றியவர். வட இங்கிலாந்தின் சுரங்க ஊர்களைச் சுற்றிப் பார்த்து அவர் எழுதிய 'விகன் பியருக்குச் செல்லும் பாதை' என்ற நூல் 1937இல் வெளிவந்தது. வேலையற்ற ஒருவர் வெளியூர் சென்ற அண்டை வீட்டாரின் கோழிகளுக்குத் தீனி போட்டதைக் கண்ட எவரோ, அவருக்குக் கோழி வளர்ப்பில் வேலை கிடைத்துவிட்டது என்று அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார்களாம். அது பொய் என்று நிலைநாட்ட அவர் பெரும் பாடுபட வேண்டியிருந்தது என்று ஆர்வெல் எழுதுகிறார். அண்டை வீட்டானுக்கு ஒரு கை கொடுக்கவும் அஞ்சும் நிலையை ஒரு நல்ல சட்டம் உண்டாக்கிவிட்டது.

1931ஆம் ஆண்டில் இக்கதை உச்சத்தை அடைந்தது. உலகப் பொருளாதார மந்தம் பிரிட்டனைச் சூழ்ந்தது. இன்ஷூரன்ஸ் நிதி கடன் வாங்கிக் காலம் தள்ளிற்று. 'முரண்பாடுகளைக் களைய வேண்டும்' என்ற குரல் பத்திரிகைகளிலும் பார்லிமெண்டிலும் ஒலித்தது. அவ்வாண்டு ஜூலையில் தொழிற்கட்சி அரசாங்கமே அதற்கொரு மசோதாவைக் கொண்டுவந்தது. குறைநேர வேலையில் வழக்கத்துக்கு மிஞ்சிய கூலி பெறுவோர், வழக்கமாகவே வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேலை செய்யாதோர், பருவகாலத் தொழிலாளர், மணமான பெண்கள் ஆகிய நான்கு வகையினர்க்குத் தனி நிபந்தனைகள் விதிக்கும் அதிகாரத்தை அது அளித்தது. தம் கட்சி அரசாங்கத்தையே எதிர்த்து ஜேம்ஸ் மாக்ஸ்டன் முதலிய சில உறுப்பினர்கள் இரவு முழுவதும் சபையை உட்கார வைத்து மீண்டும் மீண்டும் வாக்கெடுப்புக் கோரினர். ஆயினும் மசோதா நிறைவேறிற்று.

பேச்செல்லாம் மூன்று நாளில் நிறையச் சம்பாதித்து மூன்று நாள் உதவி வாங்கும் துறைமுகத் தொழிலாளியைப் பற்றி. விதிகள் நடைமுறைக்கு வந்தபின் உதவியை இழந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் மணமான பெண்கள். லங்காஷயரின் நெசவாலைகளில் திருமணத்துக்குப் பின்னும் தறியை விடாமல் உழைத்து, கணவனுடைய சந்தாவைப் போலவே தம் சந்தாவையும் கட்டி வந்தவர்கள் இவர்கள். திருமணமானவள் உண்மையில் வேலை தேடமாட்டாள் என்ற ஓர் ஊகத்தைச் சட்டம் முன்வைத்தது. ஊகத்தை மறுக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. ஆலை குறைநேரம் ஓடும்போது அதை மறுப்பது எப்படி? மசோதாவைக் கொண்டுவந்த தொழில் மந்திரி மார்கரெட் பாண்ட்ஃபீல்டு அம்மையார், கடைச் சிப்பந்தியாக வாழ்க்கையைத் தொடங்கித் தொழிற்சங்கப் பணியால் உயர்ந்தவர். பிரிட்டிஷ் மந்திரி சபையில் இடம்பெற்ற முதல் பெண்மணி. வரலாறு சில வேளைகளில் இப்படியும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது.

ஆகஸ்டில், உதவித் தொகையைக் குறைப்பதா என்ற வினாவில் மந்திரி சபை பிளவுபட்டு அரசாங்கம் வீழ்ந்தது. அடுத்து வந்த தேசிய அரசாங்கம் தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் குறைத்தது. 17 ஷில்லிங் 15 ஷில்லிங் 3 பென்ஸ் ஆயிற்று. இந்த நாட்களில்தான் காந்தியடிகள் இரண்டாவது வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டனில் இருந்தார். செப்டம்பர் கடைசி வாரத்தில் அவர் லங்காஷயரின் டார்வென் நகர்ப் பக்கம் சென்று, கதர் இயக்கத்தால் வேலை இழந்ததாகச் சொல்லப்பட்ட தொழிலாளரிடையே தங்கினார். ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து ஆரவாரித்து நிற்கும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது.

அங்கு அவர் கூறியவற்றின் சாரம் இது: உங்களிடம் வேலையற்றோர் 30 இலட்சம், எங்களிடமோ ஆண்டில் பாதி நாள் வேலையின்றி இருப்போர் ஏறத்தாழ 30 கோடி. நீங்கள் பெறும் சராசரி உதவித் தொகை 70 ஷில்லிங். எங்கள் சராசரி மாத வருமானமே 7½ ஷில்லிங். இராட்டையை அவர் வற்புறுத்தியதற்கு அடிப்படை இந்தப் பாதி வேலையின்மையே. உழவன் வயலில் வேலையற்றிருக்கும் மாதங்களில் அவன் கைக்கு ஒரு துணைத்தொழில் என்பதே கதரின் பொருளாதாரம். இங்கிலாந்தின் சட்டம் அரைவேலைக்காரனை எந்தப் பிரிவில் எழுதுவது என்று தடுமாறிய அதே வாரங்களில், அரைவேலைக்காரரே நிறைந்த ஒரு நாட்டின் தலைவர் அந்த மக்களிடையே நின்று பேசினார். அவர் டார்வெனைவிட்டுச் சென்று ஒரு வாரத்துக்குள், அக்டோபர் 3இல், மணமான பெண்களைப் பற்றிய புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன.

நவம்பரில் வந்த வசதிச் சோதனையைப் பற்றிப் பலரும் நிறைய எழுதியிருப்பதால் நாம் சுருக்கமாகச் சொல்லி நகரலாம். இன்ஷூரன்ஸ் உரிமை தீர்ந்தவர்களின் வீட்டு வருமானம் முழுவதும் எண்ணப்பட்டது. மகன் பத்திரிகை போட்டு ஈட்டிய காசும், மகள் ஆலையில் அரைநேரம் உழைத்த கூலியும் தந்தையின் உதவியிலிருந்து கழிக்கப்பட்டன. வேலைக்குப் போகும் பிள்ளைகள் தந்தையின் உதவியைக் காப்பதற்காகவே வீட்டை விட்டு வெளியேறிய குடும்பங்கள் உண்டு. உதவித் தொகைக்கு மக்கள் வழங்கிய பெயர் 'டோல்'. நம் வழக்கில் படியளப்பது என்று அதைச் சொல்லலாம். ஒவ்வொரு வாரமும் சந்தா கட்டியவனுக்கு அவன் பணத்திலிருந்து திருப்பிக் கொடுப்பதைப் படியளப்பு என்று அழைத்ததில்தான் அந்தக் காலத்தின் மனப்பான்மை அடங்கியிருக்கிறது.

துறைமுகத்தின் சிக்கலை உதவித் தொகைச் சட்டம் கடைசிவரை தீர்க்கவில்லை. வேறொரு வழியால் தீர்ந்தது. துறைமுகத் தொழிலாளர்க்காக 1920இல் விசாரணை மன்றத்தில் வாதாடிப் புகழ்பெற்ற எர்னஸ்ட் பெவின் 1940இல் தொழில் மந்திரியானார். போர்க்காலத் தேவையைக் கொண்டு துறைமுகத் தொழிலாளரைப் பதிவு செய்யவும், வந்து நின்ற நேரத்துக்கே ஒரு தொகை கிடைக்கவும் வழிசெய்தார். 1947இல் அது நிரந்தரத் திட்டமாயிற்று. வேலை இல்லாத நாளை அரசாங்க நிதியிடம் காட்டிக் கேட்பதற்குப் பதிலாக, காத்திருத்தலும் வேலையின் பகுதியே என்று தொழிலே ஏற்றுக்கொண்டது. இந்தியாவிலும் 1948இல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டு, பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் இதே முறையில் திட்டங்கள் அமைந்தன.

சுதந்திர இந்தியா வேலையின்மை இன்ஷூரன்ஸோடு தொடங்கவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டம், 1952 பிப்ரவரி 24இல் கான்பூரிலும் டில்லியிலும் நடைமுறைக்கு வந்தபோது, நோய்க்கும் பேறுகாலத்துக்கும் விபத்துக்கும் வழி செய்தது; வேலையின்மைக்கு அன்று. ஆனால் 1953இல் தொழில் தகராறுச் சட்டத்தில் செய்த திருத்தம், பிரிட்டன் இருபது ஆண்டுகள் மோதிய அதே பாறையை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. அத்திருத்தத்தின் பொருள் 'லே-ஆஃப்'. கரியோ மின்சாரமோ மூலப்பொருளோ இல்லாமற் போனதால் தொழிலாளிக்கு வேலை தர இயலாத நிலை அது. சட்டங்களைத் தமிழில் தரும் பணியில் இருக்கும் நமக்கு, ஆட்குறைப்பு அன்று, கதவடைப்பும் அன்று, இடைநீக்கமும் அன்று என்று இச்சொல்லை விளக்குவது எளிதாகவும், ஒரே சொல்லால் பெயர்ப்பது கடினமாகவும் இருந்து வந்திருக்கிறது.

1953இன் விதி இவ்வாறு அமைந்தது. குறித்த நேரத்தில் வேலைக்கு வந்து நின்றவனுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்கப்படாவிடின், அன்று அவன் லே-ஆஃப் செய்யப்பட்டவன். அவனுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்கும். ஷிப்டின் இரண்டாம் பாதிக்கு வருமாறு சொல்லி, வந்தபோது வேலை கொடுத்தால், அரை நாளே லே-ஆஃப். வரச்சொல்லிவிட்டு அப்போதும் வேலை கொடுக்காவிடின் அந்த இரண்டாம் பாதிக்கு முழுச் சம்பளம். நாளை வெட்ட முடியாத ஒன்றாக எண்ணிய பிரிட்டிஷ் விதியைக் காட்டிலும் இது தொழிலாளியின் வாழ்வுக்கு நெருக்கமானது என்பது நம் கருத்து. நான்காம் நாள் உழைத்தால் மூன்று நாள் உதவி போய்விடும் என்ற படுகுழி இதில் இல்லை. வேலை செய்த பொழுதுக்குக் கூலி, செய்யாத பொழுதுக்குப் பாதி. பொறுப்பும் பொது நிதியின்மேல் விழாமல், ஆலையை ஓட்டுவதா நிறுத்துவதா என்று தீர்மானிக்கும் முதலாளியின்மேல் விழுந்தது.

குறையும் உண்டு. 50 பேர்க்குக் குறைவான ஆலைகள் இதற்குப் புறம்பு. பருவகால ஆலைகளும் புறம்பு. எல்லாவற்றிலும் பெரிய குறை, 'பத்லி' எனப்படும் மாற்றாள் தொழிலாளியை விலக்கியது. வராதவனுடைய இடத்தில் வேலை செய்யும் நம்பிக்கையோடு நாள்தோறும் விடியற்காலையில் பம்பாய் ஆலை வாயில்களில் நின்றவர்கள் இந்தப் பத்லிகள். ஓர் ஆண்டுத் தொடர்ந்த வேலை நிறைவு பெறும்வரை, திரும்பி வீட்டுக்கு நடக்கும் நாளுக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. அரைவேலைக்காரருள் மிக அரைவேலைக்காரன் அவன். இங்கும் வெளியே நின்றான். 2020இல் இயற்றப்பட்ட தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் பாதி ஊதியம் என்ற அளவையே எடுத்துக்கொண்டது.

பிரிட்டனில் இக்கதை போருக்குப் பின்னும் முடியவில்லை. 1996இல் புதிய பெயரோடு வந்த உதவித் திட்டம், வாரத்தில் 16 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்வோனை அனுமதித்தது; ஆனால் தனியாள் ஈட்டியதில் முதல் 5 பவுனை விட்டுவிட்டு, அதன்மேல் ஒவ்வொரு பென்னியையும் கழித்துக்கொண்டது. 3 ஷில்லிங் 4 பென்ஸின் பேரன் அது. 2013இல் பல உதவிகளை ஒன்றாக்கி அமைக்கப்பட்ட திட்டத்தில்தான், நாளையும் மணியையும் எண்ணுவதை விட்டு, ஈட்டும் பவுன் ஒன்றுக்கு 65 பென்ஸ் வீதம் உதவியைக் குறைப்பது என்ற முறை வந்தது. 2021இன் இறுதியில் அது 55 பென்ஸ் ஆயிற்று. இந்தக் கணக்கின்படி நான்காம் நாள் உழைத்தவன் சிறிதேனும் அதிகமாகவே வீட்டுக்குக் கொண்டுபோவான். 2013 ஏப்ரலில் அத்திட்டம் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட ஊர் ஆஷ்டன்-அண்டர்-லைன். மாஞ்செஸ்டருக்கு அருகே, ஒரு காலத்தில் நூற்பாலைகள் நிறைந்திருந்த பழைய லங்காஷயர் நகரம் அது.